பிரிட்டன்ல ஒரு கிராமத்துத் தொகுதி எம்.பி. நெஜமா என்னதான் வேலை பாக்குறார்?

கேள்வி இதான்: பார்லிமெண்ட்ல பேசுறத டிவில பாக்குறோம், ஆனா இங்கிலாந்துல விவசாயம் நெறஞ்ச ஒரு தொகுதியோட எம்.பி. ஊர்ப்பக்கம் வந்து என்ன செய்றார், ஆடு மாடு வளக்குற ஒருத்தருக்கு அவரால என்ன ஆகும்?

நான் வட இங்கிலாந்துல மலைப்பக்கத்து சின்ன டவுன் ஒண்ணுல 14 வருஷமா இருக்கேன், கணக்கு எழுதுறதுதான் வேலை, எங்க ஆஃபீஸுக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல செம்மறி ஆடும் மாடும் வளக்குறவங்க, அதனால இந்த விஷயத்த கிட்ட இருந்தே பாத்திருக்கேன். பதில் நீளமாத்தான் வரும்.

முதல்ல ஒண்ண தெளிவா சொல்லிடுறேன். இங்க எம்.பி.க்கு யாருக்கும் உத்தரவு போடுற அதிகாரம் கெடையாது. ரோட்டுல குழியா, அது கவுன்சில் வேலை. கொட்டகை கட்ட அனுமதியா, அது பிளானிங் கமிட்டி, லேக் டிஸ்ட்ரிக்ட் மாதிரி நேஷனல் பார்க்குக்குள்ள நெலம் இருந்தா அந்த பார்க் நிர்வாகம். இந்தியாவுல இருக்குற மாதிரி தொகுதி மேம்பாட்டு நிதின்னு வருஷத்துக்கு இவ்ளோ கோடின்னு கையில எதுவும் குடுக்க மாட்டாங்க. சம்பளம் (2025 ஏப்ரல்ல வருஷத்துக்கு 93,904 பவுண்டா இருந்துச்சு), ஆஃபீஸ் வாடகை, நாலஞ்சு பேர் வேலைக்கு வச்சுக்க காசு, அவ்ளோதான். மிச்சம் இருக்குறது கேள்வி கேக்குற உரிமை. யார்கிட்ட வேணா கேக்கலாம், மந்திரிகிட்ட கேக்கலாம், கேட்டா அவங்க பதில் சொல்லியே ஆகணும். கேள்விப்படுறப்ப இதுல என்ன இருக்குன்னு தோணும், எனக்கும் வந்த புதுசுல அப்படித்தான் தோணுச்சு.

வாரம் எப்படிப் போகும்னா, திங்கக்கெழம காலைல ரயில் ஏறுவாங்க, எங்க பக்கத்துல இருந்து லண்டன் யூஸ்டனுக்கு மூணு மணி நேரம் கிட்ட ஆகும், ஆர்க்னி ஷெட்லாண்ட் மாதிரி தீவுத் தொகுதின்னா பிளேன் புடிச்சுத்தான் போகணும். வியாழக்கெழம சாயங்காலம் திரும்புவாங்க. வெள்ளிக்கெழம முழுக்க தொகுதி. அன்னிக்கு காலைல ஒரு ப்ரைமரி ஸ்கூல், அப்புறம் மூடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுற ஒரு பேங்க் கிளை, மதியம் ஆட்டுச் சந்தை, அத இங்க மார்ட்னு சொல்லுவாங்க, சாயங்காலம் ஏதாவது ஒரு வில்லேஜ் ஹால்ல சர்ஜரி. சர்ஜரின்னா இங்க மக்கள் குறைகேட்பு, டாக்டர்கிட்ட வரிசைல உக்காந்து ஒவ்வொருத்தரா உள்ள போற மாதிரியேதான் நடக்கும்.

மார்ட்டுக்கு எம்.பி. போறது போட்டோவுக்குன்னு நெனைக்காதீங்க. மலைப்பண்ணைல தனியா இருக்குற மனுஷன் வாரம் முழுக்க யாரையும் பாக்காமலே இருப்பார், அவர் நாலு பேரோட வாய் தொறந்து பேசுற இடம் அந்த ஏல வளையத்தச் சுத்தி இருக்குற படிக்கட்டு பெஞ்சுதான். சாப்பாட்டு கேன்டீன்ல கிரேவி ஊத்துன இறைச்சித் தட்டோட உக்காந்திருக்கும்போது சொல்றத அவங்க ஒரு நாளும் லெட்டரா எழுத மாட்டாங்க. எங்க ஊர்ல எம்.பி.ய பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, சார் மேடம் பழக்கம் கெடையாது, நோய விட இந்த வருஷம் உன் சட்டத்தாலதான் எனக்கு நட்டம் அதிகம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாங்க.

ஒரு சர்ஜரிய சொல்றேன். 2025 அக்டோபர். என் கிளையண்ட் ஒருத்தர், 78 வயசு, மனைவி ஆறு வருஷம் முன்னாடி தவறிட்டாங்க, மகனும் மருமகளும் கூடவே பண்ணைல. பேசுறதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ மட்டும் கூட வான்னு என்னைக் கூட்டிட்டுப் போனார். வில்லேஜ் ஹால், வாசல்லயே சேத்து பூட்ஸ கழட்டி வச்சிட்டு சாக்ஸோட உள்ள வந்தார், கையில ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பழைய ஃபைல். விஷயம் வாரிசு வரி.

இத கொஞ்சம் விளக்கணும். 1992ல இருந்து விவசாய நெலத்துக்கு வாரிசு வரில முழு விலக்கு இருந்துச்சு. அதனால எங்கள மாதிரி கணக்குப் பாக்குறவங்க ரொம்ப வருஷமா என்ன சொல்லிட்டு இருந்தோம்னா, உங்க பேர்லயே வச்சுக்கோங்க, உங்க காலத்துக்கு அப்புறம் பையனுக்குப் போகட்டும், வரி வராதுன்னு. 2024 அக்டோபர் 30ஆம் தேதி பட்ஜெட்ல நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் அத மாத்தினாங்க. 2026 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் பவுண்ட் வரைக்கும்தான் முழு விலக்கு, அதுக்கு மேல பாதி, அதாவது 40 சதவீத வரில பாதி, 20 சதவீதம் கட்டணும், வட்டி இல்லாம 10 வருஷத் தவணை. நகரத்துல இருக்குறவங்களுக்கு 10 லட்சம் பவுண்ட்னா பெரிய பணக்காரன்னு தோணும். இவர் கணக்க பாருங்க: 250 ஏக்கர், ஏக்கர் 8,000 போட்டாலே 20 லட்சம், வீடு ஒரு 6 லட்சம், கொட்டகை டிராக்டர் ஆடு மாடு எல்லாம் சேத்து ஒரு 4 லட்சம், மொத்தம் 30 லட்சம் பவுண்ட். மத்த சின்னச் சலுகைகள விட்டுட்டுப் பாத்தா 20 லட்சத்துக்கு 20 சதவீதம், 4 லட்சம் பவுண்ட் வரி, வருஷத்துக்கு 40,000 வீதம் 10 வருஷம். அந்தப் பண்ணைல வருஷத்துக்கு 40,000 லாபம் வந்த வருஷம்னு நான் கணக்கெழுதுன காலத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நெலத்த உயிரோட இருக்கும்போதே மகனுக்கு எழுதி வச்சா, அதுக்கப்புறம் 7 வருஷம் உயிரோட இருக்கணும். அவருக்கு 78.

எம்.பி. நோட்டுல எழுதிட்டே இருந்தாங்க. கணக்கு எல்லாம் சொல்லி முடிச்சதும் பெரியவர், ஏதோ உரம் வெல பேசுற மாதிரி குரல் மாறாம சொன்னார்: ஏப்ரலுக்கு முன்னாடி நான் போயிட்டா பையனுக்கு ஒரு பைசா வரி கெடையாது, அதத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்.

எம்.பி. பேனாவ மூடி வச்சிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு பத்து நிமிஷம் வரியப் பத்தி பேச்சே இல்ல. ராத்திரி தூக்கம் வருதா, மகனுக்கு இது தெரியுமா, மலைக்கு இப்பயும் தனியாத்தான் போறீங்களா, இதையே கேட்டாங்க. 1860ல இருந்து விவசாயக் குடும்பங்களுக்கு ஒத்தாசை பண்ற ராபி (RABI)ன்னு ஒரு தர்ம ஸ்தாபனம் இருக்கு, அவங்க ஹெல்ப்லைன் நம்பர அவர் ஃபைல் மேலயே எழுதிக் குடுத்தாங்க, அவர் சம்மதத்தோட மகன அன்னிக்கே கூப்பிட்டுப் பேசினாங்க. வெளில அஞ்சு பேர் காத்துட்டு இருந்தாங்க, அவசரமே படல. இந்த வேலைக்கு எந்தப் பட்டியல்லயும் பேர் கெடையாது, ஓட்டெடுப்பு ரெக்கார்டுலயும் வராது.

இதே மாதிரி பெரியவங்க அந்த ஒரு வருஷத்துல நாடு முழுக்க எத்தனையோ எம்.பி.க்கள் முன்னாடி உக்காந்தாங்க. 2024 நவம்பர் 19ஆம் தேதி லண்டன்ல பார்லிமெண்ட் இருக்குற வெஸ்ட்மின்ஸ்டர்ல பல்லாயிரம் விவசாயிகள் கூடுனாங்க, சின்னப் பசங்க பொம்மை டிராக்டர் ஓட்டிக்கிட்டு ஊர்வலம் போனாங்க. ஆளுங்கட்சியான லேபர் பக்கம் 2024ல முதல்முறையா ஜெயிச்ச கிராமத்து எம்.பி.க்கள் நெறைய பேர் இருந்தாங்க, அவங்க நெலமதான் ரொம்ப கஷ்டம். தேர்தலுக்கு முன்னாடி இந்த விலக்க தொடுற எண்ணமே இல்லன்னு கட்சி சொல்லியிருந்துச்சு, அத நம்பி இவங்க வாசல் வாசலா போயிருக்காங்க. கடைசில 2025 டிசம்பர் 2ஆம் தேதி பட்ஜெட் தீர்மான ஓட்டெடுப்புல பென்ரித் அண்ட் சால்வே எம்.பி. மார்கஸ் கேம்பல்-சேவர்ஸ் சொந்தக் கட்சிக்கு எதிரா ஓட்டு போட்டார். வயசான விவசாயிகளுக்கு சொத்த மாத்தி எழுதக்கூட அவகாசம் இல்லங்கறது அவர் சொன்ன ஒரு காரணம். லேபர்ல எதிர்த்து ஓட்டு போட்டது அவர் ஒருத்தர்தான், இன்னும் பலபேர் ஓட்டே போடாம ஒதுங்கினாங்க. அவர கட்சிக் குழுவுல இருந்து சஸ்பெண்ட் பண்ணாங்க. மூணு வாரம் கழிச்சு, டிசம்பர் 23ஆம் தேதி, அரசாங்கம் அந்த 10 லட்சம் வரம்ப 25 லட்சமா ஒசத்துச்சு. ஒரு ஓட்டால இது நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், விவசாய சங்கம், டிராக்டர் ஊர்வலம், செலெக்ட் கமிட்டிங்கற எம்.பி.க்கள் விசாரணைக் குழுவோட அறிக்கை, எல்லா கட்சி கிராமத்து எம்.பி.க்களும் ஒரு வருஷமா விடாம குடுத்த தொல்லை எல்லாம் சேந்துதான் நடந்துச்சு. ஆனா வேலை போனாலும் பரவால்லன்னு ஒரு மனுஷன் எழுந்து நின்னத எங்க பக்கத்துல யாரும் மறக்கல.

நவம்பர் பட்ஜெட்லயே இன்னொரு மாத்தமும் வந்திருந்துச்சு, கணவனோ மனைவியோ பயன்படுத்தாம விட்ட பங்கு உயிரோட இருக்குறவருக்கு வரும், ஏற்கெனவே தவறியிருந்தாலும் செல்லும்னு. ரெண்டையும் சேத்தா அந்தப் பெரியவருக்கு 50 லட்சம் பவுண்ட் வரைக்கும் விலக்கு. ஜனவரில அவர் வீட்டு கிச்சன் டேபிள்ல உக்காந்து மறுபடி கணக்கு போட்டு, வரி ஒண்ணும் இல்லன்னு தாள அவர் பக்கம் திருப்பி வச்சேன். ரெண்டு தடவ படிச்சிட்டு, மடிச்சு, மனைவியோட பழைய டீ டப்பாவுக்குள்ள வச்சார்.

இப்ப எம்.பி. ஆஃபீஸ் தினப்படி எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். நீங்க ஃபோன் பண்ணாலோ மெயில் போட்டாலோ முதல் கேள்வி, உங்க போஸ்ட்கோட் என்ன. தொகுதிக்கு வெளில இருக்குற ஆளோட கேஸ எடுக்க மாட்டாங்க, எம்.பி.க்களுக்குள்ள அது எழுதப்படாத கட்டுப்பாடு. அப்புறம் கேஸ்வொர்க்கர்னு ஒருத்தர் உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு, சம்பந்தப்பட்ட ஆஃபீஸுக்கு எழுதுவார். விவசாய மானியம் வரலியா, பென்ஷன் நின்னுபோச்சா, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் ஒரு வருஷம் தள்ளிப்போச்சா, எல்லாத்துக்கும் இதே வழிதான். மந்திரிக்கு எம்.பி. எழுதினா பதில்ல மந்திரி கையெழுத்து இருக்கணும், பொதுவா 20 வேலை நாள்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நீங்க எழுதினா ஏதோ ஒரு ஊழியர் டெம்ப்ளேட் பதில் போடுவார், எம்.பி. எழுதினா அந்த ஃபைல் மந்திரியோட மேசைக்குப் போயாகணும், போறதுக்கு முன்னாடி கீழ இருக்குற நாலு அதிகாரிங்க அத படிச்சாகணும், அப்படிப் படிக்கும்போதுதான் பாதி கேஸ் சரியாகும். அரசுத் துறை மேல ஒம்புட்ஸ்மன்கிட்ட, அதாவது இந்த மாதிரி புகார விசாரிக்கிற தனி அதிகாரிகிட்ட, புகார் குடுக்கணும்னாலும் எம்.பி. மூலமாத்தான் போகணும், 1967 சட்டம் அப்படி.

எங்க பள்ளத்தாக்கோட கடைசி வீட்ல ஒரு வயசான தம்பதி, மொபைல் சிக்னல் சுத்தமா கெடையாது, ஒரு புயல்ல லேண்ட்லைன் கம்பம் சாஞ்சு லைன் போயிருச்சு. அந்தம்மாவுக்கு இதயப் பிரச்சனை. கம்பெனிக்கு பக்கத்து ஊர்ல இருந்து நாங்கதான் மாத்தி மாத்தி ஃபோன் பண்ணோம், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ரெஃபரன்ஸ் நம்பர், மூணு வாரம் ஓடிப்போச்சு, பெரியவர் ராத்திரில ஏதாவதுன்னா ஓட்டிட்டுப் போறதுக்கு லாண்ட்ரோவர வாசல்ல சாவியோட வச்சிட்டே தூங்கினார். எம்.பி. ஆஃபீஸ்ல இருந்து கம்பெனித் தலைமைக்கு ஒரே ஒரு லெட்டர், அஞ்சாவது நாள் ஏணி கட்டுன வண்டி வந்து நின்னுச்சு. எம்.பி. லெட்டர் இல்லாமலே அந்த வண்டி வந்திருக்கணும், அது எனக்கு இன்னும் ஆத்தாமையாத்தான் இருக்கு.

சின்ன கிராமத்து கேஸ் ஒண்ணு எவ்ளோ தூரம் போகும்ங்கறதுக்கு ஜேம்ஸ் ஆர்பத்நாட் கதைய கட்டாயம் சொல்லணும். கன்சர்வேட்டிவ், நார்த் ஈஸ்ட் ஹாம்ப்ஷயர் எம்.பி.யா 1997ல இருந்து 2015 வரைக்கும் இருந்தவர், பார்லிமெண்ட்ல டிஃபென்ஸ் கமிட்டித் தலைவர், பெரிய ஆள். அவர் தொகுதில சவுத் வார்ன்பரோன்னு ஒரு சின்ன கிராமம், அங்க கடையும் போஸ்ட் ஆஃபீஸும் சேத்து நடத்துனவங்க ஜோ ஹாமில்டன். ஹொரைசன்னு போஸ்ட் ஆஃபீஸோட கம்ப்யூட்டர் சிஸ்டம் கணக்குல பணம் கொறையுதுன்னு காட்டுச்சு. ஹெல்ப்லைன்ல சொன்னபடி பட்டனத் தட்டினாங்க, 2,000 பவுண்ட் பாக்கி கண்ணு முன்னாடியே 4,000 ஆச்சு. கடைசில 36,000 பவுண்ட் திருடுனதா கேஸ். ஜெயிலுக்குப் போயிடக் கூடாதுன்னு கணக்கப் பொய்யா எழுதுனதா மட்டும் ஒத்துக்கிட்டாங்க, கிராமத்து ஜனங்க காசு சேத்து குடுத்தாங்க, தீர்ப்பு சொல்ற அன்னிக்கு கோர்ட்டுக்கே கூட்டமா போய் உக்காந்தாங்க. கூடவே வாழ்ற ஊருக்கு இவங்க திருடி இல்லன்னு தெரிஞ்சிருந்துச்சு.

ஆர்பத்நாட் அந்த ஊர் சொன்னத எடுத்துக்கிட்டார். 2009ல மந்திரிக்கு எழுதினா, அது போஸ்ட் ஆஃபீஸோட நிர்வாக விஷயம், நாங்க தலையிட முடியாதுன்னு பதில். அதோட நிறுத்தியிருக்கலாம், தொகுதிக்காரங்ககிட்ட லெட்டர காட்டிட்டு நான் முயற்சி பண்ணேன்னு சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்ற எம்.பி.க்கள் இருக்கத்தான் செய்றாங்க. இவர் மத்த எம்.பி.க்கள்ட்ட விசாரிச்சார், உங்க தொகுதிலயும் இப்படி யாராவது வந்தாங்களான்னு. வந்திருந்தாங்க. எல்லாரையும் சேத்துக்கிட்டு போஸ்ட் ஆஃபீஸ் மேல தனி விசாரணை வைக்க நெருக்கடி குடுத்து, அது சரியா போகலன்னதும் 2014 டிசம்பர்ல வெஸ்ட்மின்ஸ்டர் ஹால்ல விவாதம் வச்சு நேரடியா போட்டு உடைச்சார். 2019ல போஸ்ட் ஆஃபீஸ் நடத்துன ஆலன் பேட்ஸும் இன்னும் 554 பேரும் போட்ட வழக்குல ஹொரைசன்ல பிழை இருந்துச்சுன்னு கோர்ட் சொல்லுச்சு, 2021 ஏப்ரல் 23 அன்னிக்கு ஜோ ஹாமில்டன் உட்பட 39 பேரோட தண்டனை ரத்தாச்சு, 2024ல மிச்சம் இருந்த தண்டனைகள மொத்தமா ரத்து பண்ண தனிச் சட்டமே வந்துச்சு. 1999ல இருந்து 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல தண்டிக்கப்பட்டிருக்காங்க. ஆர்பத்நாட் இதுல இறங்குனதுக்கு ஆரம்பம் பாத்தீங்கன்னா, கிராமத்துல போஸ்ட் ஆஃபீஸ் நடத்துனவங்க தங்க எம்.பி.கிட்ட வந்து சொன்னதுதான்.

விவசாயிங்க சொல்ற சின்னக் கொறைங்க சட்டமாவும் மாறியிருக்கு. குவாட் பைக்னு மேடு பள்ளத்துல ஓடுற நாலு சக்கர வண்டிய எடுத்துக்கோங்க. மலைப்பண்ணைல அதுதான் கால். விடியக்காலைல பின்னாடி நாய ஏத்திக்கிட்டு தீவன மூட்டையோட மேல போவாங்க, அது இல்லாட்டி பனில பாதி மந்தைக்கு தீவனம் போய் சேராது. திருடங்க ராத்திரில வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க, புதுசு வாங்கினதும் மறுபடி வருவாங்க, ஏன்னா கொட்டகை எங்க இருக்குன்னு தெரியும். பக்கிங்ஹாம் எம்.பி.யா இருந்த கிரெக் ஸ்மித் தனிநபர் மசோதாவா கொண்டு வந்ததுதான் 2023 கருவித் திருட்டுத் தடுப்புச் சட்டம், புது வண்டில சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகாம தடுக்குற இம்மொபிலைசரும் போலீஸ் கண்டுபுடிக்கற மாதிரி தடயக் குறியும் இருக்கணும்னு விதி போட அதிகாரம் குடுக்குது. சட்டம் வந்தாலும் அந்த விதிங்க வர்றதுக்கு ரொம்ப இழுத்தடிச்சாங்க, அதுக்கும் எம்.பி.க்கள்தான் திரும்பத் திரும்ப கேள்வி போட்டுட்டு இருந்தாங்க.

அதே மாதிரி நாய் தொரத்துறது. செஸ்டர் சவுத் அண்ட் எடிஸ்பரி எம்.பி. ஆஃப்ரா பிராண்ட்ரெத் கொண்டு வந்த மசோதா 2025 டிசம்பர்ல சட்டமாச்சு. அதுக்கு முன்னாடி இருந்தது 1953 சட்டம், அதிகபட்ச அபராதம் 1,000 பவுண்ட். இத புரிஞ்சுக்க பிப்ரவரி மார்ச்ல ஒரு வயல பாக்கணும். சினையா இருக்குற ஆடுங்க, குட்டி போட ஆறு வாரம்தான் இருக்கும், டவுன்ல இருந்து வந்தவர் நாய அவுத்து விடுவார், அது கடிக்கக்கூட வேணாம், சும்மா தொரத்தினாப் போதும், மறுநாள்ல இருந்து ஒவ்வொண்ணா குட்டி கலைஞ்சு விழும். நாய்க்காரர் அன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பார், விளையாடுச்சுன்னு நெனச்சிட்டு. இப்ப அபராதத்துக்கு உச்சவரம்பு கெடையாது, ரோட்லயும் நடைபாதைலயும் ஆடு ஓட்டிட்டுப் போகும்போது நடந்தாலும் செல்லும், சந்தேகப்பட்ட நாய்கிட்ட இருந்து மாதிரி எடுக்க போலீஸுக்கு அதிகாரம் இருக்கு.

சூப்பர்மார்க்கெட் விஷயத்துல கார்ன்வால் செயின்ட் ஐவ்ஸ் எம்.பி. ஆண்ட்ரூ ஜார்ஜ் வருஷக்கணக்கா பேசி வந்ததுதான் 2013ல மளிகை நடுவர் பதவியா வந்து நின்னுச்சு. பெரிய கடைங்க சப்ளையருக்கு பணம் இழுத்தடிக்கறது, திடீர்னு ஆர்டர் ரத்து பண்றது இதையெல்லாம் அந்த நடுவர் விசாரிக்கலாம், 2016ல டெஸ்கோ பணம் குடுக்க தாமதிச்சத அந்த ஆஃபீஸ் அறிக்கையா வெளியிட்டுச்சு. ஆனா நேரடி சப்ளையருக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. பால் குடுக்குற விவசாயி பால் கம்பெனிக்கு விக்கறார், கடைக்கு இல்ல, அதனால அவர் வெளிய நின்னார். அவருக்குன்னு ஒப்பந்த விதிகள் 2024லதான் வந்துச்சு.

மானிய விஷயத்துக்கு தனியா ஒரு பதிலே எழுதலாம். ஐரோப்பிய யூனியன்ல இருந்தப்ப நெலத்தோட பரப்பளவுக்கு காசு வந்துச்சு, 2020 விவசாயச் சட்டத்துக்கு அப்புறம் இங்கிலாந்துல அத படிப்படியா நிறுத்திட்டு, மண்ணு, வேலி, தண்ணி இதயெல்லாம் பாத்துக்கறதுக்கு காசுன்னு மாத்தினாங்க. அதுல எஸ்.எஃப்.ஐ.ன்னு ஒரு திட்டம். 2025 மார்ச் 11 சாயங்காலம் முன்னறிவிப்பு இல்லாம அத மூடிட்டாங்க. ஆறு வாரம் முன்னாடி சொல்லுவோம்னு விண்ணப்பப் பக்கத்துலயே சொல்லியிருந்தாங்க. குட்டி போடுற சீசன் முடியட்டும், நிதானமா நிரப்பலாம்னு வச்சிருந்தவங்க அத்தன பேரும் மாட்டிக்கிட்டாங்க, மறுநாள் காலைல எங்க ஆஃபீஸ் ஃபோன் கீழ வைக்க முடியல. எம்.பி.க்கள் சபைல மந்திரிய நிக்க வச்சு கேட்டாங்க, ஆறு வார வாக்குறுதிய எடுத்துக் காட்டுனாங்க, சங்கமும் சட்டப்படி போச்சு, கடைசில பாதி நிரப்பி சேவ் பண்ணி வச்சிருந்த சுமார் 3,000 பேருக்கு மட்டும் மறுபடி தொறந்து விட்டாங்க. ஆரம்பிக்கவே நேரம் இல்லாதவங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல.

கிராமத்து எம்.பி.ன்னா விவசாயி பக்கம் மட்டும் நின்னா முடியாதுங்கறதும் உண்மை. மாட்டுக் காசநோய எடுத்துக்கோங்க. கால்நடை டாக்டர் வந்து மாட்டுக் கழுத்துல ரெண்டு எடத்துல ஊசி போடுவார், மூணு நாள் கழிச்சு வந்து தடிப்ப அளந்து பாப்பார், கீழ வீங்கியிருந்தா அந்த மாடு போச்சு, மிச்ச மாட்டையும் 60 நாள் இடைவெளில ரெண்டு தடவ சுத்தமா வர்ற வரைக்கும் விக்க முடியாது. அந்த மூணு நாள் அந்த வீட்ல யாரும் சரியா சாப்பிட மாட்டாங்க. நோய பேட்ஜர்னு பொந்துல வாழ்ற ஒரு காட்டு விலங்கு பரப்புதுன்னு 2013ல இருந்து அதுகள சுட்டாங்க, அதே தொகுதில அந்தப் பேட்ஜருக்காக அழுது லெட்டர் எழுதுறவங்க விவசாயிகள விட எண்ணிக்கைல அதிகம். ஹெரெஃபோர்ட்ஷயர்ல வை ஆறு கெட்டுப்போனதுக்கு அந்தப் பக்கம் வளக்குற 2 கோடிக்கு மேல கோழியோட எச்சம் ஒரு பெரிய காரணம், ஆத்துல மீன் புடிக்கறவரும் கோழிப்பண்ணைக்காரரும் ஒரே எம்.பி.க்குத்தான் ஓட்டு போடுறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பதில சொல்ற எம்.பி.ய நான் மதிக்கறேன், ஆளுக்கொண்ணு சொல்றவங்க எப்படியும் அதே மார்ட்ல மாட்டிக்குவாங்க.

விவசாயம் இல்லாத விஷயமும் பாதி நேரத்த எடுத்துக்கும். வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் லான்ஸ்டேல் எம்.பி. டிம் ஃபாரன் 2005ல வெறும் 267 ஓட்டுல ஜெயிச்சு வந்தவர், 2017ல 777 ஓட்டுல தப்பிச்சார். அவர் பல வருஷமா ஓயாம பேசுறது ரேடியோதெரபி. கென்டல் ஆஸ்பத்திரில அந்த வசதி இல்ல, கேன்சர் நோயாளிங்க பிரெஸ்டனுக்குப் போகணும், உள்ளூர்ப் பள்ளத்தாக்குல இருந்து ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல, சிகிச்சை சில நிமிஷம்தான், அதுவும் வாரக்கணக்குல தெனமும். தூரத்தப் பாத்து பயந்து சிகிச்சையே வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க. விண்டர்மியர் ஏரில கழிவுநீர் விடுறது அவர் கைல எடுத்த இன்னொரு விஷயம். இது தவிர பஸ் இல்லாத ஊர், வாங்க முடியாத வெலைக்குப் போன வீடுங்க, கேஸ் லைன் இல்லாம எண்ணெய் வாங்கி ஊத்தி சூடு பண்ற வீடுங்க, அந்த எண்ணெய்க்கு கரண்ட் கேஸ் மாதிரி விலை உச்சவரம்பும் கெடையாது.

ஒரு எல்லையும் தெரிஞ்சுக்கோங்க. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல விவசாயம் அந்தந்த சட்டசபை கையில, வேல்ஸ் விவசாயி மானியத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் எம்.பி.கிட்ட போனா அவரால பெருசா எதுவும் முடியாது, ஆனா வாரிசு வரின்னா அது வெஸ்ட்மின்ஸ்டர்தான்.

சர்ஜரிக்குப் போற எம்.பி.க்கு உயிர் பயமும் இருக்கு. 2016 ஜூன் 16ல ஜோ காக்ஸ் பிர்ஸ்டால்ல சர்ஜரிக்குப் போற வழியில கொல்லப்பட்டாங்க, 2021 அக்டோபர் 15ல டேவிட் ஏமஸ் லீ-ஆன்-சீல ஒரு சர்ச்சுல சர்ஜரி நடத்திட்டு இருக்கும்போதே குத்திக் கொல்லப்பட்டார். இப்ப பெரும்பாலும் முன்கூட்டி பேர் குடுத்துட்டுத்தான் போகணும், எடத்த கடைசி நேரத்துலதான் சொல்லுவாங்க. அப்படியும் வாராவாரம் அந்தக் கதவு தொறக்குது.

இங்க புதுசா வந்திருக்குற நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம், நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்குறவங்க, காமன்வெல்த் குடிமக்கள்ங்கறதால, விசாவோட இங்க குடியிருந்தா பார்லிமெண்ட் தேர்தல்ல ஓட்டு போடலாம், பேர பதிஞ்சா போதும். ஓட்டு இல்லாட்டியும் அந்த போஸ்ட்கோட்ல குடியிருந்தாலே அவர் உங்க எம்.பி.தான், உங்க கேஸ எடுக்கணும். கிராமத்து கேர்ஹோம்லயும் ஆஸ்பத்திரிலயும் வேலை பாக்குற நம்ம பிள்ளைங்க விசா, வாடகை, சம்பளப் பிரச்சனைன்னு தனியா உக்காந்து அழுதுட்டு இருக்காங்க, போய்ப் பாருங்க.

போகும்போது என்ன நடந்துச்சுன்னு தேதியோட ஒரே பக்கத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க, ஏற்கெனவே வந்த லெட்டரோட நகல், ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் சேத்து வைங்க, உங்களுக்கு என்ன வேணும்னு கடைசி வரில ஒரே ஒரு வாக்கியத்துல போடுங்க. பத்து நிமிஷம்தான் கெடைக்கும். கெளம்பறதுக்கு முன்னாடி சம்மதப் படிவத்துல கையெழுத்து போட்டாச்சான்னு கேஸ்வொர்க்கர்கிட்ட ஒரு தடவ கேட்டுக்கோங்க, அது இல்லாட்டி கேஸ் தாமதமாகலாம்.